குரல் அவருடையதுதான், பேசியது அவரல்ல!

ஃபோன் மணி அடிக்கிறது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுக்கிறீர்கள். எதிர்முனையில் பேசுவது யார் தெரியுமா? நாட்டின் ஜனாதிபதி! அதே குரல், அதே இழுப்பு, அவர் அடிக்கடி சொல்லும் செல்லமான வசவு வார்த்தைகூட அப்படியே. வருகிற செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வேண்டாம், உங்கள் ஓட்டை நவம்பருக்குப் பத்திரப்படுத்தி வையுங்கள் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இது என் கற்பனை இல்லை. 2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்கிற சின்ன மாநிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித்தான் ஃபோன் அடித்தது. கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் அங்கே இரண்டு நாளில் நடக்கவிருந்தது. ஃபோனில் கேட்டது ஜோ பைடனின் குரல். ஆனால் பைடன் பேசவே இல்லை. கம்ப்யூட்டரில் சமைத்த குரல் அது. ஃபோனில் தெரிந்த நம்பரும் பொய். அந்தக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவி ஒருவருடைய குடும்பத்து நம்பர் விழுகிற மாதிரி செய்திருந்தார்கள். குரலும் தெரிந்த குரல், நம்பரும் தெரிந்த வீட்டு நம்பர் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

'பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் பத்திரிகையில் ஊறுகாய் போடுவது பற்றி எழுதாமல் இவள் ஏன் அமெரிக்கத் தேர்தலைப் பிடித்துக்கொண்டாள்?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விஷயம் நம் வீட்டு வாசற்படிக்கே வருகிறது.

அந்தக் குரலைச் செய்ய ஆன செலவு 150 டாலர்! செய்து கொடுத்தவர் மேடையில் வித்தை காட்டும் ஒரு மாஜிக்காரர். செய்யச் சொன்னவர் ஸ்டீவ் கிரேமர் என்கிற தேர்தல் ஆலோசகர். விஷயம் வெளியே வந்ததும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. தானியங்கி ஃபோன் அழைப்புகளைக் கட்டுப்படுத்த 1991-லேயே அங்கே ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் செய்யும் குரலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷன் 2024 பிப்ரவரி 8-ல் அறிவித்தது. கிரேமருக்கு 60 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. 150 டாலர் எங்கே, 60 லட்சம் டாலர் எங்கே!

'அப்பாடா, சரியான தண்டனை' என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மேலே கேளுங்கள். ஓட்டர்களைத் தடுத்தார், வேட்பாளர் போல வேஷம் போட்டார் என்று அந்த மாநிலத்தில் அவர் மேல் கிரிமினல் வழக்கும் நடந்தது. 2025 ஜூனில் ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? அந்தத் தேர்தலைக் கட்சியின் தேசியத் தலைமையே அங்கீகரிக்கவில்லை. பைடன் பெயர் ஓட்டுச் சீட்டில் அச்சாகவும் இல்லை, அவரை விரும்புகிறவர்கள் கையால்தான் பெயரை எழுத வேண்டும். ஆகவே அவர் முறைப்படி வேட்பாளரே இல்லை, வேட்பாளர் போல நடித்தார் என்பது எப்படிச் செல்லும்? இப்படிப் போனது வாதம். இந்த மாதிரிக் குரல்களால் வரும் ஆபத்தை ஊருக்குக் காட்டத்தான் செய்தேன் என்றும் அந்த மனிதர் சொல்லிக்கொண்டார். திருடன் பூட்டு சரியில்லை என்று காட்டத்தான் உள்ளே வந்தேன் என்ற கதைதான்!

பழைய சட்டத்தைப் புது வித்தைக்கு மாட்டிப் பார்த்தால் இப்படித்தான் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் விலகுகிறது. அளவு எடுக்காமல் தைத்த ரவிக்கை மாதிரி.

இந்த வித்தைக்கு 'டீப்ஃபேக்' என்று பெயர். ஒருவர் பேசிய ஒலிப்பதிவு கொஞ்சம் கிடைத்தால் போதும். அவர் குரலின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அவர் சொல்லாததை அவர் வாயால் சொல்ல வைக்கும். முகத்துக்கும் அப்படியே. ஒரு காலத்தில் சினிமா ஸ்டூடியோக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்ததை இன்று கல்லூரிப் பையன் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறான். விரல் ஆறு இருக்கிறதா, உதடு ஒட்டுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதெல்லாம் ஆரம்ப காலத்துக்குச் சரி. வருஷத்துக்கு வருஷம் அந்தக் குறைகள் மறைந்துகொண்டே வருகின்றன. நம் கண்ணை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. கலைஞர் கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7-ல் காலமானார். 2024 ஜனவரியில் அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார்! அடுத்த மாதமே, 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அவருடைய பிறந்த நாளை ஒட்டி ஓர் ஒலிப்பதிவு வந்தது. இரண்டும் அந்தந்தக் கட்சிக்காரர்களே, தங்கள் தலைவருக்கு மரியாதை என்று வெளியிட்டவை. யாரையும் கவிழ்க்கச் செய்ததில்லை. ஆனால் எழுபத்தெட்டு வயதாகும் என் மாமியார் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா இதை எப்பப் பேசினாங்க? நான் கேட்டதே இல்லியே" என்றார். "இல்லை அத்தை, இது மெஷின் பேசுறது" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செத்தவங்க வாயில நம்ம பேச்சைப் போடறது நல்லதா?" என்று கேட்டார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். உயிரோடு இருக்கிறவராவது 'நான் சொல்லவில்லை' என்று மறுக்கலாம். போனவர் எப்படி மறுப்பார்?

வட அயர்லாந்தில் காரா ஹண்டர் என்று ஓர் இளம் சட்டசபை உறுப்பினர் இருக்கிறார். இருபது வயதுகளிலேயே அரசியலுக்கு வந்தவர். 2022 மே 5-ல் அங்கே சட்டசபைத் தேர்தல். அதற்குச் சில வாரம் முன்பு பாட்டியின் தொண்ணூறாவது பிறந்த நாளுக்காகக் குடும்பத்தோடு கூடியிருந்தார். அப்போது முன்பின் தெரியாத ஒரு ஆளிடமிருந்து ஃபோனில் செய்தி. 'இந்த வீடியோவில் இருப்பது நீதானா?' என்கிற மாதிரி ஒரு கேள்வி. மகா ஆபாசமான படம் அது. அதில் இவருடைய முகம்!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. சுற்றிலும் மாமா, அத்தை, சித்தப்பா, குழந்தைகள். நடுவில் கேக். கையில் அந்த ஃபோன்.

படம் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போய்விட்டது. தெருவில் போகிறவர்கள் அசிங்கமாகக் கேட்டார்கள். போலீசுக்குப் போனால், யார் செய்தது என்று கண்டுபிடிக்கத் தங்களிடம் வசதி இல்லை என்று சொன்னார்களாம். அவரே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மறுத்து அறிக்கை விடலாம் என்றால், 'விட்டால் இதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள், வேண்டாம்' என்று யோசனை வந்தது. சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம். கடைசியில் அவர் ஜெயித்தார். எத்தனை ஓட்டில்? 14 ஓட்டு! இன்னும் எட்டுப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மனசு மாறி எதிராளிக்குப் போட்டிருந்தால் கதையே வேறு. இன்றும் அவர் இதற்குச் சட்டம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆண் வேட்பாளரை வீழ்த்த வேண்டுமானால் அவர் லஞ்சம் வாங்கினார், அந்த ஜாதியைத் திட்டினார் என்று பொய்ப்படம் செய்கிறார்கள். பெண் என்றால் நேரே மானத்தில் கை வைக்கிறார்கள். எந்த ஊரானாலும் இதில் மட்டும் ஒற்றுமை.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி தைரியசாலி. மகளிர் சுய உதவிக் குழுவில் பத்து வருஷம் கணக்கு எழுதியவள். நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று வந்ததும், 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றாள். தெருக் குழாய், சாக்கடை, ரேஷன் கடைக் கூட்டம், இவைதான் அவள் பேச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் பிரசாரம் ஓய்ந்தது. அன்று ராத்திரி வார்டில் எல்லார் வாட்ஸப்பிலும் ஒரு படம். இவள் யாரோ ஒரு ஆளோடு உட்கார்ந்திருக்கிறாள், மேஜையில் பாட்டில்கள். முகம் மட்டும் இவளுடையது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனார் பெண்ணின் வளைகாப்பில் எடுத்த படம் அது! காதில் அன்று போட்டிருந்த ஜிமிக்கி அப்படியே இருந்தது.

கம்ப்யூட்டர் மூளையெல்லாம் இல்லை, வெறும் ஒட்டுவேலை. கழுத்துக்குக் கீழே நிறமே வேறு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனாலும் என்ன? ஸ்டேஷனுக்குப் போனோம். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, எலெக்‌ஷன் டியூட்டி முடியட்டும்" என்றார்கள். பிரசாரம் முடிந்துவிட்டதால் வீடு வீடாகப் போய் விளக்கவும் முடியாது. சனிக்கிழமை ஓட்டுப் பதிவு. 31 ஓட்டில் தோற்றாள். படத்தால்தான் தோற்றாள் என்று நான் சொல்ல மாட்டேன், அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இன்றுவரை மாவு மில்லில் நின்றால் யாரோ இரண்டு பேர் இவளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசுவது நிற்கவில்லை. கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லவுமில்லை.

அடுத்த முறையும் நில்லுங்கள் என்று தெருப் பெண்கள் இப்போது அவளைக் கேட்கிறார்கள். அவளோ, "அக்கா, அன்னிக்கு வெறும் ஒட்டுவேலைக்கே இந்தப் பாடு. இப்ப நானே பேசற மாதிரி, சிரிக்கிற மாதிரி படம் செஞ்சு விட்டா என்ன பண்ணுவேன்? சட்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் என்ன வக்கீலா? ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று லைப்ரரியிலும் பேப்பரிலும் தேடி, தெரிந்த வக்கீல் ஒருவரையும் தொந்தரவு செய்து சேகரித்ததுதான் இதெல்லாம்.

தேர்தல் பொய்யைத் தண்டிக்கும் சட்டம் நம்மிடம் புதிதாக வரவில்லை. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123-ம் பிரிவு இருக்கிறது. ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே எதிர் வேட்பாளரோ அவருடைய ஆட்களோ பரப்பினால் அது ஊழல் நடவடிக்கை. ஹைகோர்ட்டில் நிரூபித்தால் ஜெயித்தவர் பதவியே போய்விடும். ஆனால் 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், பரப்பியது அவருடைய சம்மதத்தோடுதான் என்று காட்டவும் வேண்டும். எங்கோ ஒரு பெயரில்லாத நம்பரிலிருந்து கிளம்பிய படத்துக்கு அதை எப்படிக் காட்டுவது? தவிர, இந்தச் சட்டம் பாராளுமன்றம், சட்டசபைக்குத்தான். வார்டு தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையமும் மாநிலச் சட்டமும் தனி.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 175-ம் பிரிவு தேர்தல் பொய்யைப் பற்றிப் பேசுகிறது. தண்டனை? வெறும் அபராதம்! பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஓட்டு போய், பெயர் போய் நிற்கிறவளுக்கு அந்த அபராதம் என்ன ஆறுதல் தரும்?

கொஞ்சம் பல் இருக்கிற சட்டம் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம்தான். கம்ப்யூட்டரை வைத்து இன்னொருவராக வேஷம் போட்டு ஏமாற்றினால் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில். ஆபாசப் படம் பரப்பினால் 67, 67ஏ. இரண்டாவது பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை ஜெயிலும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எம்.பி. ஆனாலும் வார்டு வேட்பாளர் ஆனாலும், வீட்டிலிருக்கும் நாமானாலும் இது பொருந்தும்.

2024 பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது டீப்ஃபேக்குக்கென்றே ஒரு தேர்தல் சட்டம் கையில் இல்லை. நடிகர்கள் ஆமிர் கானும் ரன்வீர் சிங்கும் தாங்கள் அரசியல் பேசியதாக வந்த வீடியோக்கள் பொய் என்று போலீசுக்குப் போனார்கள். தேர்தல் நடந்துகொண்டிருந்த நிலையில், மே 6-ல், தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவு போட்டது: இப்படிப்பட்ட பொய்ப்படம் உங்கள் பக்கத்தில் இருப்பது கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். 2025 அக்டோபரில், பீஹார் தேர்தலுக்கு முன், இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். கம்ப்யூட்டர் செய்த படமென்றால் அப்படியென்று எழுதியே போட வேண்டும், அந்த எழுத்து பார்க்கும் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றார்கள். ஊறுகாய் பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற மாதிரி. நல்ல விஷயம்தான். ஆனால் லேபிள் ஒட்டுகிறவன் யோக்கியன். அயோக்கியன் ஏன் ஒட்டப்போகிறான்? 3 மணி நேரம் என்பதும் கட்சியின் பெயரில் நடக்கும் பக்கத்துக்குச் சரி. எங்கள் தெருப் பெண்கள் வாட்ஸப் குழுவில் இருந்ததை யார் வந்து நீக்குவது?

தென் கொரியாக்காரர்கள் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஓட்டுப் பதிவுக்கு முந்தின 90 நாளுக்கு நிஜம் போல் தெரியும் டீப்ஃபேக் தேர்தல் பிரசாரமே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லேபிள் ஒட்டினாலும் கூடாது! மீறினால் ஏழு வருஷம் வரை சிறை.

நம் தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் 2024 அக்டோபரில் இப்படி ஒரு சட்டம் நிறைவேறியது. 2025 மே 3 பொதுத் தேர்தலில் அது அமலில் இருந்தது. வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாக நிஜம் போலக் காட்டும் படம், ஒலிப்பதிவு எதையும் அந்தத் தேர்தல் காலத்தில் போடக்கூடாது. கார்ட்டூன், கேலிச்சித்திரம் என்று பார்த்ததும் தெரிந்தால் பரவாயில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் வேறு ஒன்று. உண்மையிலேயே தான் பேசியதை 'ஐயோ, இது டீப்ஃபேக்' என்று பொய்யாக மறுக்கிற வேட்பாளருக்கும் அங்கே தண்டனை உண்டு, பதவியே போகலாம்! நம் அரசியல்வாதிகளுக்கு இந்தச் சாக்கு எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துப் பார்த்தால், இதை எழுதியவர் கெட்டிக்காரர் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டம் போடுவதும் சுலபமில்லை. அமெரிக்காவில் முதலில் 2019-ல் டெக்ஸாஸ் மாநிலம் தேர்தல் டீப்ஃபேக்கைக் குற்றமாக்கியது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. கலிஃபோர்னியா 2024-ல் கடுமையாக இரண்டு சட்டம் போட்டது. கேலி வீடியோ செய்யும் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். பேச்சு சுதந்திரத்துக்கு விரோதம் என்று ஒன்றையும், மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்று இன்னொன்றையும் 2025 ஆகஸ்டில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். என் கணவர் அந்த நீதிபதி பக்கம். "எது பொய்னு அரசாங்கமே முடிவு பண்ணினா, நாளைக்கு நான் மந்திரியைக் கிண்டல் பண்ணினாலும் உள்ளே போட்டுடுவான்" என்கிறார். வாஸ்தவம்தான். கேலி வேண்டும். ஆனால் ஓரகத்தி ஃபோட்டோவில் கேலி எங்கே இருந்தது?

இன்னொரு சங்கதி. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியா நாட்டில், ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு கட்சித் தலைவரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் ஓட்டு வாங்குவது பற்றிப் பேசிக்கொள்வதாக ஒரு பொய் ஒலிப்பதிவு கிளம்பியது. அங்கேயும் நம் ஊர் மாதிரி அந்தக் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. மறுப்பதற்கு இடமே இல்லாத நேரமாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள். எங்கள் வார்டில் வியாழக்கிழமை ராத்திரி நடந்ததும் அதேதானே! ஆளில்லாத நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழையும் பூனை மாதிரி.

வக்கீல் சொன்ன சில காரியங்களை ஓரகத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். கோபத்தில் படத்தை அழித்துவிடக்கூடாது. வந்த நம்பர், தேதி, நேரம், எந்தக் குழுவில் வந்தது எல்லாம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் விஷயத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆபாசப் படமென்றால் பெயர் சொல்லாமலே அங்கே புகார் கொடுக்கலாம். சட்டசபை, பாராளுமன்றத் தேர்தலென்றால் 1950-க்கு ஃபோன் செய்யலாம், சி-விஜில் என்ற செயலியும் உண்டு. உள்ளாட்சி என்றால் வார்டின் தேர்தல் நடத்தும் அதிகாரிக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். 'பிறகு வாங்க' என்றால் ரசீதில்லாமல் நகரக் கூடாது என்று அடிக்கோடிட்டிருக்கிறாள்.

அவளாக இன்னொரு யோசனையும் சொன்னாள். நிற்பதாக இருந்தால் முதல் நாள் பிரசாரத்திலேயே ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "கடைசி ரெண்டு நாள்ல என்னைப் பத்தி எது வந்தாலும், என் வீடு இதோ, மூணாவது தெரு, வந்து நேரா என்கிட்டயே கேளுங்க" என்று சொல்லப் போகிறாளாம். நின்றால்தான். கொழுந்தனார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.